பூவின் ஓரம் கலங்கியிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு

வணக்கம்.

போன மாதம் எங்களிடம் யுகாத்தா என்ற ஜப்பானியக் கோடை உடுப்பு வாங்கியவர்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: பூவின் ஓரத்தில் நீலம் கலங்கித் தெரிகிறதே, மட்டமான அச்சா? ஒருவர் திருப்பியே அனுப்பிவிட்டார். தப்பு எங்கள் மேல்தான், விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அது அச்சே இல்லை. சூசென் என்ற முறை, பெயருக்கே ஊற்றிச் சாயமிடுவது என்றுதான் பொருள். ஒரு யுகாத்தாவுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் துணி வேண்டும், அகலம் 40 செ.மீ. கூட வராது. அதன் மேல் பூ வெட்டிய தாளை வைத்து, சாயத்தைத் தடுக்கும் பசையை இழுத்துப் பூசி, தாளைத் தூக்கி, துணியை அதன் மேலேயே ஒரு மடிப்பு மடித்து, மறுபடி தாள், மறுபடி பசை என்று புடவைக் கொசுவம் போல முன்னும் பின்னுமாக முழுத் துணியையும் ஒரே அடுக்காக்கிவிடுவார்கள். இரண்டு நிறம் சேரக்கூடாத இடத்தில் பசையாலேயே குட்டி வரப்பு கட்டி, மூக்கு நீண்ட கெண்டியால் சாயத்தை ஊற்றுவார்கள், கீழேயிருந்து இயந்திரம் உறிஞ்சும். அப்புறம் அடுக்கைப் புரட்டி மறுபக்கமும் அதே வேலை. சாயம் நூலுக்குள்ளேயே இறங்குவதால் ஓரம் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கும் அதே பூ அதே அடர்த்தியில் இருக்கும். சாதாரண அச்சுத் துணி என்றால் உள்பக்கம் பெரும்பாலும் வெளிறிப்போயிருக்கும்.

அரிமாட்சு துணி மட்டும் ஏன் இந்த விலை என்றும் கேட்கிறீர்கள். அரிமாட்சு, ஜப்பானின் நகோயா நகரில் தோக்கைதோ என்ற பழைய நெடுஞ்சாலையோரம் 1608இல் உருவான ஊர், வழிப்போக்கர்களுக்கு முடிச்சுச் சாயத் துண்டு விற்றே பெயர் வாங்கியது. சுங்குடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி நூல் சுற்றியது.

கோடை உடுப்பில் பனித்துகள் எதற்கு? கண்ணுக்காவது குளிரட்டும் என்றுதான். சணல் இலைக் கோலம் குழந்தைகளுக்கு, அந்தச் செடி மாதிரி நெடுநெடுவென்று வளரட்டும் என்று. தும்பி பின்வாங்காது என்று நம்பியதால் அது போர்வீரர்களுக்குப் பிடித்த பூச்சி. என்னைக் கேட்டால் தங்கமீன்தான் அழகு, ஆனால் எங்கள் கடையில் அதைத்தான் யாரும் வாங்குவதில்லை!

முதல் இரண்டு மூன்று தடவை பச்சைத்தண்ணீரில் தனியாக அலசி, ஊறவைக்காமல் நிழலில் காயப்போடுங்கள்.

திருப்பி அனுப்பியவருக்குப் பணம் அனுப்பியாயிற்று. துணி இன்னும் இங்கேதான் இருக்கிறது, மனம் மாறினால் சொல்லுங்கள், மாதக் கடைசிவரை எடுத்துவைக்கிறோம்.