மூன்றாம் முறை அடிபட்டு வரும் பையன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் 27 வருடம் டிரஸ்ஸராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) இருந்தவன் நான். (2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.)

போன வாரம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய லயத்துப் பையன் ஒருவன் காப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) வந்து நின்றான். வயது 17. இடது கையில் மாவுக்கட்டு. அவன் காப்சாய்க்குக் கிளட்ச் பிடி கிடையாதே, வலது கை இருந்தால் ஓட்டிவிடலாம். ஹெல்மெட்டை மாவுக்கட்டின் மேலேயே வளையல் மாதிரி மாட்டியிருந்தான்.

"என்னடா தம்பி, மறுபடியுமா?"

"சின்ன அடிதான் தாத்தா."

அதே கை போன வருடமும் முறிந்தது. அதற்கு முன் 12 வயதில், அப்பாவின் மோட்டாரைத் திருட்டுத்தனமாக எடுத்து, செம்மண் சாலையில் சறுக்கி மண்டையில் தையல். லைசென்ஸ் வயது 16 என்பதெல்லாம் செம்பனைக் காட்டுக்குள் யாருக்கு ஞாபகம்? இந்த மூன்றும் எனக்குத் தெரியும். இப்போது கட்டுப் போட்ட டாக்டருக்குத் தெரியாது. ஒன்று தனியார் கிளினிக்கில், ஒன்று அரசாங்க மருத்துவமனையில், நடுவே எலும்பு கட்டுகிறவரிடம் நான்கு வாரம்.

என் மேசையில் ஒரு தடித்த பேரேடு இருந்தது. காயத்தைக் கழுவிக்கொண்டே பின்பக்கங்களைப் புரட்டுவேன். அப்படிப் புரட்டியபோதுதான் ஒரு வீட்டுப் பிள்ளை இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்திருப்பது கண்ணில் பட்டது. மூன்றும் சம்பள நாளுக்கு மறுநாள். முதல் இரண்டு தடவையும் "படியில விழுந்துட்டான்" என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்றும் உறுத்துகிறது. இன்னும் தவழாத குழந்தைக்குக் கன்றிப்போன காயம் இருந்தால், "விழுந்துட்டான்" என்ற பதிலோடு யாரும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, அடித்த காயம் என்று நம்பக் காரணம் இருந்தால் டாக்டர் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அக்கம்பக்கத்தார் 15999 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

பெரிய பிள்ளைகள் விஷயம் வேறு. கட்டுப் பிரித்த சில மாதத்துக்குள் முன்கை அதே இடத்தில் மறுபடி முறிவது உண்டு. மண்டை அடி அதைவிட மோசம். முதல் அடியின் தலைவலி, கிறுகிறுப்பு தீருமுன் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக மூளை வீங்கி உயிரே போகும். இளம் வயதினருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

அவர்களை ஓய்வெடுக்க விடாதது திமிர் மட்டுமல்ல. நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைத்தால், வேலையில் அடிபட்டவருக்குத் தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தரும். சொக்சோ சந்தா கட்டாத குத்தகைக்காரரிடம் குலை வெட்டுகிற பையனுக்கு யார் தருவார்? கட்டோடு காட்டுக்குப் போகிறான்.

கிளினிக்குகளில் நான் கேட்பது ஒன்றுதான். "இதுக்கு முன்னால எப்ப அடிபட்டுச்சு, எங்க காட்டினீங்க?" என்று கேட்டு, பதிலைக் கார்டில் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

அந்தப் பையனை வியாழக்கிழமை நானே கூட்டிப்போகிறேன். பழைய சீட்டுகள் எல்லாம் அம்மாவிடம் மைலோ டின்னில் இருக்கிறதாம். எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்