புகாரை மூடிட்டாங்க, குழாய் இன்னும் ஒழுகுது

அன்பு நண்பா,

எப்படிடா இருக்க? இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கிறாங்க. உன் துறையோட செயல்பாட்டு அறிக்கை எழுதுற பொறுப்பு உனக்கு வந்துருக்குன்னு படிச்சதும் ரொம்ப சந்தோஷம், ஆனா "இத யாருடா படிக்கப்போறா"ன்னு நீ சலிச்சுக்கிட்டது மனச உறுத்திட்டே இருக்கு, அதான் உடனே உக்காந்து எழுதறேன்.

போன மாசம் எங்க தெருவுல தண்ணிக்குழாய் உடைஞ்சுது. ஆன்லைன்ல புகார் குடுத்தேன், மூணாம் நாள் போன்ல மெசேஜ், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது". வாசலுக்கு வந்து பாத்தா தண்ணி ஓடிட்டேதான் இருக்கு. மறுபடி புகார் போட்டா அதுக்கு புது நம்பர், பழசு தீர்ந்த கணக்குலயே கெடக்கு. கடைசியில அவங்க கணக்குல ரெண்டு புகாரும் கெடுவுக்குள்ள முடிச்சாச்சு, எனக்கு ஒரே குழாய் பதினோரு நாள் ஒழுகிச்சு. யாரும் பொய் சொன்னாங்கன்னு நான் நெனைக்கல. அடுத்த பிரிவுக்கு அனுப்பிட்டா ஒருத்தரோட வேலை முடிஞ்சுதுன்னு கணக்கு வச்சுருக்காங்க, அவ்ளோதான். புகார் குடுத்தவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடணும்னு ஒரே ஒரு விதி இருந்தா இது நடந்துருக்காது.

இதோட பெரிய வடிவம் பிரிட்டன்ல நடந்துச்சு. அவசர சிகிச்சைக்கு வர்றவங்கள்ல 98% பேர 4 மணி நேரத்துக்குள்ள பாத்து முடிக்கணும்னு 2004 கடைசிக்குள்ள இலக்கு வச்சாங்க. காத்திருக்கிற நேரம் நெஜமாவே கொறஞ்சுது, அத மறுக்கக்கூடாது. ஆனா நோயாளிங்க எத்தனை நிமிஷத்துல வெளிய போனாங்கன்னு கோடு போட்டுப் பாத்தா, 4 மணி நேரம் முடியப்போற கடைசி நிமிஷங்கள்ல கோடு செங்குத்தா நிக்கும், ஏன்னா கெடு நெருங்குனதும் அவசர அவசரமா எங்கயாவது அனுப்பிருக்காங்க. உள்ள எடுத்தாத்தானே கடிகாரம் ஓடும்னு சில எடத்துல ஆம்புலன்ஸ வெளியவே நிக்க வச்சதாவும் பேச்சு வந்துச்சு. ஒரு அளவ வச்சு கட்டுப்படுத்த ஆரம்பிச்சா அந்த அளவே நம்பமுடியாமப் போயிடும்னு சார்லஸ் குட்ஹார்ட்ங்கிற பொருளாதார நிபுணர் 1975லயே பணக்கொள்கையப் பத்திப் பேசும்போது சொல்லிருக்கார்.

அதுக்காக அளக்காமலே விட்டுரலாமான்னா, கூடவே கூடாது. நியூசிலாந்துல 2012ல பத்தே பத்து இலக்கு எடுத்தாங்க, எல்லாமே ஜனங்க வாழ்க்கையில தெரியுற மாற்றம், அதுல ஒண்ணு, தண்டனை வாங்குனவங்க மறுபடி குற்றம் செய்யறத 2017க்குள்ள 25% கொறைக்கிறது. மொதல்ல நல்லா எறங்குச்சு, அப்புறம் திரும்ப ஏற ஆரம்பிச்சு இலக்கை எட்டாமப் போச்சு, ஆனா சறுக்குறதையும் மறைக்காம வெளியிட்டாங்க பாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். அமெரிக்காவுல 1993லயே எல்லா துறையும் இலக்கும் விளைவும் எழுதணும்னு சட்டம் வந்து அறிக்கையா குவிஞ்சுது, 2010ல சட்டத்தத் திருத்தி, பெரிய துறைங்க முன்னுரிமை இலக்குகள கொஞ்சமா எடுத்துக்கிட்டு மூணு மாசத்துக்கு ஒருதடவ பாக்கணும், ஒரே வெப்சைட்ல போடணும்னு ஆக்குனாங்க.

உன் அறிக்கையில எத்தனை பேருக்கு பயிற்சி குடுத்தோம், எவ்ளோ செலவு பண்ணோம்னு மட்டும் எழுதி நிறுத்திடாதடா. பயிற்சி முடிச்சு ஆறு மாசம் கழிச்சு எத்தனை பேர் வேலையில இருக்காங்கன்னு கேட்டு எழுது. போன வருஷத்து எண்ணையும் பக்கத்துலயே போடு, கணக்கு எடுக்கிற முறை மாறிருந்தா அதையும் அதே பக்கத்துல சொல்லிடு, அடியில பொடி எழுத்துல ஒளிச்சு வைக்காத. சராசரிய மட்டும் போடாத, சராசரி பத்து நாள்னு சொன்னா தொண்ணூறு நாள் அலைஞ்சவர் அதுக்குள்ள காணாமப் போயிடுவார். அப்புறம் அந்த "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது", அது வேணவே வேணாம், எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுது. மேல இருக்கறவங்க தயங்குவாங்க, தெரியும், ஆனா ஒரு தோல்விய நீங்களே சொல்லிட்டா மிச்ச ஒம்பது நல்ல எண்ணையும் ஜனங்க நம்புவாங்கன்னு எடுத்துச் சொல்லு, நீ சொன்னா கேப்பாங்க.

டிராஃப்ட் ரெடியானதும் எனக்கு அனுப்பு. எட்டாமப் போன இலக்க எந்தப் பக்கத்துல போட்டுருக்கன்னுதான் மொதல்ல தேடுவேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்