அவரை விதையை இரவெல்லாம் ஊறவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பட்டத்தையொட்டித் தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் வந்த குறிப்பு, அவரை, பீன்ஸ் விதைகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் ஊன்றச் சொல்கிறது. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பலரும் இதையே செய்கிறார்கள். பிறகு விதை மண்ணுக்குள்ளேயே கூழாகிப்போனதும் விதை கொடுத்தவரைக் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் விதை நன்றாகத்தான் இருந்திருக்கும். கெடுத்தது அந்த ஊறல்.

நன்கு காய்ந்த பீன்ஸ் விதையில் ஈரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை அப்படியே தண்ணீரில் போட்டால் மிக வேகமாக உறிஞ்சுகிறது. பருப்பின் வெளிப்புறம் உப்பிவிட, உட்புறம் இன்னும் காய்ந்தே கிடக்கும். இந்த இழுபறியில் பருப்பின் குறுக்கே விரிசல் விழுகிறது. உள்ளேயுள்ள சர்க்கரையும் மற்றச் சத்துகளும் கசிந்து வெளியேறுகின்றன. காலையில் அந்தத் தண்ணீர் கலங்கி வழவழப்பாக இருப்பது இதனால்தான். மண்ணிலுள்ள பித்தியம் முதலான அழுகல் பூஞ்சைகள் அந்தச் சர்க்கரையைத் தேடி வருகின்றன. மூழ்கிய விதைக்கு மூச்சுவிடக் காற்றும் போதாது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் சேதம் இன்னும் கூடும். சுண்டலுக்கு ஊறவைப்பது வேகவைக்கத்தான். முளைக்க வேண்டிய விதைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அவரை, மொச்சை, பீன்ஸ், தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவற்றை ஈர மண்ணில் நேரடியாக ஊன்றுவதே நல்லது. ஊறவைத்தே தீர வேண்டுமென்றால் சாதாரணத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போதும். பிறகு உடனே ஊன்றிவிட வேண்டும். விதிவிலக்கு சிறகவரை. அதன் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. விதையின் தழும்பு, அதாவது காயோடு ஒட்டியிருந்த வடு, இருக்கும் பக்கத்தில்தான் முளைக்கரு உள்ளது. ஆகவே அதற்கு எதிர்ப்புறத்தில் உப்புத்தாளில் தேய்த்தோ நகவெட்டியால் துளி கிள்ளியோ, உள்ளே வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு, இரவு ஊறவைக்கலாம். உப்பிய விதைகளை ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேயுங்கள். தம்பட்டை அவரையில் தோல் கெட்டியாக இருந்தால் அதற்கும் இதே வழிதான்.

மண் கலவையில் செம்மண், தென்னைநார்க் கழிவு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம பங்கு இருக்கலாம். கட்டியாக விற்கும் தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் கரைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு வேர் நுனி கருகியதும் பூச்சி மருந்து தேடுகிறவர்கள் உண்டு. பச்சைச் சாணத்தைச் சேர்க்கவே கூடாது. சூடும் புழுவும் சேர்ந்து விதையைத் தீர்த்துவிடும்.

ஊன்றுவதற்கு முதல் நாளே மண் கலவை நிரப்பிய செடிப்பைக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். மறுநாள் ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆழம் 2 முதல் 3 சென்டிமீட்டர். தழும்பு கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். அதன்பின் முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் கையால் தெளித்தால் போதும். தினமும் குடம் குடமாக ஊற்றுவதும் இரவு ஊறலும் ஒன்றுதான்.

இன்னொரு தொல்லை மேல்மண் இறுகுவது. அவரையும் பீன்ஸும் பருப்பைச் சுமந்துகொண்டே மேலே வருபவை. முதலில் தண்டு கொக்கிபோல் வளைந்து மண்ணை முட்டும். மேலே ஓடு கட்டியிருந்தால் அந்தக் கழுத்து முறிந்து, தலையில்லாத தண்டு மட்டும் எட்டிப் பார்க்கும். களிமண் கலந்திருந்தால் விதைக்கு மேல் மண்ணுக்குப் பதில் மக்கிய உரத்தைத் தூவி மூடுங்கள். ஓடு கட்டிவிட்டால் கிளறாமல், லேசாகத் தண்ணீர் தெளித்து இளக்கினால் போதும்.

தட்டைப்பயறு மூன்று முதல் ஐந்து நாளில் வந்துவிடும். அவரைக்கு ஒரு வாரம், பீன்ஸுக்குப் பத்து நாள் வரை பொறுக்கலாம். அதற்குள் தோண்டிப் பார்த்து முளைவேரை ஒடிப்பவர்கள் பலர். மொட்டை மாடி வெயிலில் கறுப்புப் பை அடுப்பாகக் கொதிக்கும் என்பதால், முளைக்கும்வரை பையை அரைநிழலில் வையுங்கள். முளைத்த அன்றே வெயிலுக்கு மாற்றாவிட்டால் நாற்று நீண்டு சாய்ந்துவிடும். அணிலும் புறாவும் பருப்பைக் கொத்தாமலிருக்கக் கம்பி வலைக்கூடை கவிழ்க்கலாம். பிடுங்கி நடுவதை இச்செடிகள் விரும்புவதில்லை, நிலையான இடத்திலேயே ஊன்றுங்கள்.

வீட்டில் எடுத்த விதைக்கு, அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கிலோவுக்கு 4 கிராம் போதும். பத்து விதைக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவு. ஆறிய சோற்றுக் கஞ்சியைத் தொட்டுப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்துங்கள். ஆனால் கடையில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நிறமேற்றி வரும் விதையில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கும். ஊறவைத்தால் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பாதுகாப்பும் தண்ணீரோடு போகும். அதைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், மீதியைச் சமைக்கக் கூடாது.

பழைய விதை என்று ஐயமிருந்தால் பத்து விதைகளைப் பிழிந்த ஈரத்துணியில் இடைவெளிவிட்டுச் சுருட்டி வையுங்கள். எட்டு நாளில் ஏழு விதைக்கு மேல் முளைத்தால் நம்பி ஊன்றலாம். நாலைந்துதான் என்றால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள். வண்டு துளைத்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். தோட்டக் குறிப்புகளில் ஊறவைக்கலாமா கூடாதா என்பதைப் பயிர்வாரியாகப் பிரித்து வெளியிடுங்கள். பத்து, இருபது ரூபாய்ப் பொட்டலங்களில் விதை விற்பவர்கள் முளைப்புத் திறன் சோதித்த நாளையும் சதவீதத்தையும் உறையில் அச்சிட வேண்டும்; இந்த விவரம் இல்லாத பொட்டலங்கள் இன்னும் நிறைய விற்பனையாகின்றன. வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விதைப் பரிசோதனை அலுவலர்,
திண்டுக்கல்