பொறிவண்டின் குஞ்சையும் எங்களுக்குக் காட்டுங்கள்

சேலம் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். அம்மாப்பேட்டையில் மொட்டை மாடியில் பைகளும் தொட்டிகளும் வைத்துக் காய்கறி வளர்க்கிறவள் நான். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அது நான் செய்த ஒரு தவறிலிருந்து வந்தது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் என் அவரைப் பந்தல் முழுக்கக் கருப்பு அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி. கொழுந்திலும் பூக்காம்பிலும் அப்பிக் கிடந்தது. அதன் நடுவே கருஞ்சாம்பல் உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, முதுகெல்லாம் முள்முள்ளாக, சின்ன ஓணான் மாதிரி ஓடும் புழுக்கள். அசுவினியைவிட அவற்றைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். செல்போனில் படம் எடுத்துப் போய் ஒரு மருந்துக் கடையில் காட்டினேன். ‘புழு விழுந்திருக்கு, அடிச்சிருங்க’ என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அடித்தேன். புழுக்கள் அன்றைக்கே செத்து விழுந்தன. இரண்டு வாரம் கழித்து அசுவினி மட்டும் முன்பைவிட அதிகமாக வந்தது. ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் பூச்சி அது, தின்ன ஆளில்லாவிட்டால் பெருகத்தானே செய்யும்?

நான் கொன்றவை பொறிவண்டின் குஞ்சுகள். ஆரஞ்சு முதுகில் கருப்பு வளைகோடு போட்ட அந்த வண்டு செடிக்கு நல்லது என்று எனக்கு அப்போதே தெரியும். குஞ்சு அப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை. இன்றும் அதை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம்தான் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். செடியில் வெள்ளையாக அப்பிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் குஞ்சும் வெள்ளை மெழுகு போர்த்தி, பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். செம்பருத்தியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் நசுக்கும் வீடுகளில் அதுவும் சேர்ந்தே போகிறது. இலையில் தலைமுடி போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் முட்டைகளைப் பூஞ்சைக் காளான் என்று நினைத்து என் பக்கத்து வீட்டு அக்கா துடைத்து எடுத்தார். அவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். பொரித்து வரும் குஞ்சு அசுவினியைப் பிடித்துச் சாறு உறிஞ்சும்.

சரி, பொறிவண்டு என்றாலே நண்பனா? அதுவும் இல்லை. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குவதும் ஒரு பொறிவண்டுதான். பளபளப்பில்லாமல் பொடி மயிர் மூடிய முதுகு, 28 புள்ளி, குஞ்சு மஞ்சள் நிறத்தில் முள்ளோடு இருக்கும். அதைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடத்தான் வேண்டும். எது எது என்று கண் பழகாத வரைக்கும் வேப்பெண்ணெயைக்கூடச் சரியான இடத்தில் தெளிக்க முடியாது. குஞ்சுகள் மேயும் கொழுந்தில் நான் இப்போது எதுவும் தெளிப்பதில்லை. வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே பாதி அசுவினியை இறக்கிவிடுகிறேன், மீதியை அவை பார்த்துக்கொள்கின்றன.

பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்குவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2020-ல் நம் நாட்டில் முதலில் கேரளத்தில் தென்பட்ட ஒரு வகை மாவுப்பூச்சி நம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடுகளின் நுனியையும் சுருட்டியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது. அந்த அறிவு ஏத்தாப்பூர் வரை வந்திருக்கிறது. எங்கள் மாடிக்கும் வர வேண்டும்.

மாடித் தோட்டத் தளை என்று நீங்கள் தரும் தொகுப்பில் விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய், கையேடு எல்லாம் கொடுக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு தாள் சேருங்கள். நல்ல பூச்சிகளின் முட்டை, குஞ்சு, கூட்டுப்புழு, வண்டு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வண்ணப்படமாக, அச்சு அசலான அளவும் குறித்து இருக்கட்டும். ஏற்காடு கோடை விழாவில் பூக்களால் உருவம் செய்து நிறுத்துகிறீர்கள், சேலத்திலிருந்து நாங்களெல்லாம் பிள்ளைகளோடு மலையேறி வந்து பார்க்கிறோம். அண்ணா பூங்காவில் அதன் பக்கத்திலேயே ஒரு மேசை, நாலு பூதக்கண்ணாடி, குஞ்சுகள் மேயும் ஒரு கிளை வையுங்கள். பார்த்த பிள்ளை வீட்டில் யாரையும் மருந்து அடிக்க விடாது.

தாளுக்குப் படம் வேண்டுமென்றால் மார்கழியில் என் அவரைப் பந்தலுக்கு ஆள் அனுப்புங்கள். காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் குஞ்சுகள் இலைக்கு அடியில் போய்விடும்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை மாடித் தோட்டக்காரி