ராணியை ஏன் கொடுத்தார்னும் போடுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல மாணவர் செஸ் போட்டின்னா யாரு ஜெயிச்சா, யாரு கோப்பை வாங்குனான்னு படத்தோட வருது, சந்தோஷம்தான், ஆனா எப்படி ஆடி ஜெயிச்சாங்கன்னு ஒரு வரிகூட இல்ல. ஞாயிறு மாணவர் பகுதியில வாரம் ஒரு பழைய ஆட்டம் போடுங்களேன். முதல்ல 1858ல பாரிஸ் ஓபரா அரங்குல பால் மோர்ஃபி ஆடுனதைப் போடுங்க. அமெரிக்கக்காரர், அப்போ வயசு 21தான், அவருக்கு வெள்ளைக் காய், எதிர்ல ஒரு டியூக்கும் ஒரு கவுன்ட்டும்னு ரெண்டு பிரபுக்கள் கறுப்புக் காயைக் கலந்து பேசி ஆடுறாங்க, 17 மூவ்ல கதை முடிஞ்சுது.

இங்க ஜெலுத்தோங்ல சனிக்கிழமையில பிள்ளைங்களுக்கு செஸ் சொல்லித் தர்றேன். ராணியை வெட்டுக் கொடுக்குற இடம் வந்தாதான் பிள்ளைங்க கத்துதுங்க, எனக்கு அதுக்கு முன்னாடி நடக்குறதுதான் உயிர். எட்டாவது மூவ்ல கறுப்போட பி7 சிப்பாய் (பி7ங்கிறது கட்டத்தோட பேரு) சும்மா கிடக்குது, மோர்ஃபி தொடவே இல்ல, ஏன்னா அதை வெட்டுனா கறுப்பு ராணி செக் வச்சு ராணிக்கு ராணி வெட்டிக்கும், ஆட்டம் சப்புன்னு போயிடும். அதனால குதிரையை வெளிய எடுக்குறார். பத்தாவதுல அந்தக் குதிரையையே ரெண்டு சிப்பாய்க்குக் கொடுத்துடுறார். 13ல யானையைக் கொடுத்து ஒரு குதிரையை வெட்டுறார், 14ல இன்னொரு யானையை அதே வரிசைக்குக் கொண்டு வந்து நிறுத்துறார் பாருங்க, அதுல வெட்டும் இல்ல செக்கும் இல்ல, ஆனா வெள்ளைக் காய் எல்லாம் வேலை செய்யுது, கறுப்போட ராஜா பக்கத்து பிஷப்பும் யானையும் கடைசி வரைக்கும் வச்ச இடத்துலயே கிடக்குதுங்க. 16ல ராணி செக். குதிரையால வெட்டியே ஆகணும், வேற வழியே இல்ல. குதிரை நகர்ந்ததும் வரிசை திறந்துடுது, யானை டி8ல செக்மேட். ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டா வெள்ளைக்கு மிச்சம் ஒரு யானை, ஒரு பிஷப், அவ்வளவுதான்!

1851ல ஜெர்மன்காரர் ஆண்டர்சன் ரெண்டு யானையும் ஒரு பிஷப்பும் ராணியும் கொடுத்து ஜெயிச்ச ஆட்டம் இன்னும் பிரமாதம்தான், ஆனா சின்னப் பிள்ளைங்களுக்குக் கணக்குப் பிடிபடாது, அது அப்புறம் வரட்டும்.

போன்ல என்ஜின், அதாவது செஸ் கணக்குப் போடுற புரோகிராம், போட்டா ஒரு நம்பர் காட்டும், யானையை ஏன் கொடுத்தார்னு தமிழ்ல சொல்லாது. 14ஆவது மூவ் நிலையைப் படமா பெருசா போட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் காரணத்தை ரெண்டு வரி எழுதுனாலே போதும். எழுத ஆள் இல்லன்னா நானே எழுதி அனுப்புறேன், காசு எதுவும் வேணாம் ஐயா.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு