ஆடாத வால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய். "நான் சாப்பிட்டதாலா, குடித்த தண்ணீராலா" என்று அழுகிறாராமே. இரண்டாலும் இல்லை என்று முதலில் சொல். இது மரபணு வழி வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இங்கே ஐப்பசி மழை விடவில்லை. தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. ஒரு சொட்டெடுத்துப் பேத்திக்கு மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். கல்லூரியில் நாம் பார்த்த அதே கிளாமிடோமோனாஸ் பாசி! ஒற்றைச் செல், முன்பக்கம் இரண்டு வால், கையை விரித்து நீந்துகிற பிள்ளை மாதிரி.

அக்காவின் நோய்க்கும் அந்த வாலுக்கும் உறவு இருக்கிறது, சேகர். நம் சிறுநீரகக் குழாய்ச் செல்களிலும் அதே வகை இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல்கள். பாசியின் வாலில் நடுவே இன்னும் இரண்டு உண்டு, நம்முடையதில் அவை இல்லை. அதனால் அடித்து நீந்தாது. பாசியும் நாமும் பிரிந்து 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சும்மா மிஞ்சிய எச்சம் என்றே அந்த இழையை வெகுகாலம் நினைத்தார்கள்.

1993-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பாம் குழுவினர், பாசியின் வாலுக்குள் புரதச் சரக்கு ரயில் பெட்டிகள்போல் ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அந்தச் சரக்கைச் சுமக்கும் புரதங்களில் ஒன்று கெட்டால் பாசிக்கு வால் வளராது. அதே மரபணு கெட்ட எலிக்கோ சிறுநீரகத்தில் இழை குட்டையாகி, நீர்க்கட்டிகள் நிறைகின்றன. இது தெரிந்தது 2000-இல். அக்காவின் நோயில் பழுதாகும் பாலிசிஸ்டின் புரதங்களும் அந்த இழையின் மேல்தான் இருக்கின்றன.

அது செல்லின் ஆன்டெனா. கருவில் விரல்களை வகுக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதமும் அங்கேதான் சேதி சொல்கிறது. பேட்ச்டு என்ற புரதம் அங்கே காவல் நிற்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து தொட்டதும் அது விலக, ஸ்மூத்தன்டு என்ற இன்னொன்று இழைக்குள் ஏறும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அக்காவை ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். அதைக் கட்டுக்குள் வைப்பது சிறுநீரகத்துக்கு மிக முக்கியம்.

நீ ஸ்கேன் எடுத்துக்கொண்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பாதிக்குப் பாதி உனக்கும்தானே. எடுத்துவிட்டு உடனே எழுது.

அன்புடன்,
ராகவன்