ஐயத்தின் பிறப்பிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ஐரோப்பியச் சிந்தனையில் ஐயம் ஒரு முறையாக உருப்பெற்றது 1641-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்து வெளியிட்ட நூலில்தான் என்றும், சமயத்தின்மீது எழுந்த ஐயம் யாவும் நாத்திகத்துக்கான முதற்படி என்றும் கூறுகிறது. இரண்டையும் ஏற்பதற்கில்லை.

1563-இல், சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த செபாஸ்தியன் கஸ்டெல்லியோ, ஐயுறும் கலை குறித்து லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அவர் இறைநம்பிக்கையை உதறியவர் அல்லர். விவிலியம் முழுவதையும் லத்தீனிலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்தவர்.

1553 அக்டோபர் 27 அன்று, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கோட்பாட்டை மறுத்த மிகுவேல் செர்வெட்டஸ் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். அதை நியாயப்படுத்திய, ஜெனீவாவின் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வினுக்கு எழுதிய மறுப்பில், ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது, அது மனிதனைக் கொல்வதே என்றார் கஸ்டெல்லியோ. பலரும் இந்த வாசகத்தோடு நின்றுவிடுகின்றனர். எனக்கோ அதன் பின்னுள்ள தருக்கமே பெரிதாகப்படுகிறது. கடவுள் உண்டு என்பதிலும் கொலை தீது என்பதிலும் எவருக்கும் பிணக்கில்லை. முன்குறித்தல் (யார் மீட்படைவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் கோட்பாடு), நற்கருணை, திருமுழுக்கு ஆகியவற்றிலோ கற்றறிந்த பக்தர்களே நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர் என்றால், அவ்விடங்களில் மறைநூல் தெளிவாக இல்லை என்றுதானே பொருள்? தெளிவில்லாத ஒன்றுக்காக ஒருவரைப் பதிதர் (சமயக் கோட்பாட்டிலிருந்து பிறழ்ந்தவர்) என்று கொளுத்துவது எப்படித் தகும்? ஐயுற வேண்டியதை நம்புவதும், நம்ப வேண்டியதை ஐயுறுவதும் ஒருசேரத் தவறு என்பதும், மறைநூல் மயங்குமிடத்தில் புலனறிவும் பகுத்தறிவுமே நடுவர் என்பதும் ஐயுறும் கலை குறித்த அவரது அந்த இறுதி நூலின் நிலைப்பாடு.

அவர் தனியரும் அல்லர். 1526-இலேயே ஜெர்மானியச் சமயச் சிந்தனையாளர் ஹன்ஸ் டெங்க், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் 40 இணை மறைவசனங்களைத் தொகுத்து, மறைநூலின் எழுத்தை மட்டும் பற்றிக்கொள்வோருக்கு முன்வைத்திருந்தார்.

தெக்கார்த்து கஸ்டெல்லியோவைப் படித்தார் என்று நான் சொல்லவில்லை. அந்நூலை எழுதிய ஆண்டின் முடிவிலேயே கஸ்டெல்லியோ இறந்தார். கையெழுத்துப் படி ரோட்டர்டாமில் தங்கிவிட, அதன் முழு லத்தீன் மூலம் அச்சேறியது 1981-இல்தான். பிறர் கண்ணில் படாமல் கிடந்த நூல் என்பதற்காக, அது எழுதப்படவே இல்லை என்றாகிவிடாது. கட்டுரையாளர் 'முதல்' என்ற சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.